சொன்ன இடத்தில் நிற்காத சிஎன்சி ரூட்டர்: ஆறு கேள்விகள்

கேள்வி: என் சிஎன்சி ரூட்டரில் (கணினிக் கட்டளைப்படி மரம் வெட்டும் இயந்திரம்) 100 மி.மீ. சதுரம் வெட்டினால் 99.6 வருகிறது. ஸ்டெப் எண்ணை (ஒரு மி.மீ. நகர மோட்டாருக்குத் தரும் அடிகளின் எண்ணிக்கை) 400-லிருந்து 401.6 ஆக்கினேன், 100 சரியாகிவிட்டது. ஆனால் 20 மி.மீ. சதுரம் 19.7-தான் வருகிறது. ஏன்?

பதில்: அதே திருத்தத்தோடு 300 மி.மீ. சதுரம் ஒன்று வெட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 300.8 வரும். ஸ்டெப் எண் தவறாக இருந்தால் பிழை நீளத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். உங்களுடையது எந்த அளவுக்கும் 0.4 மி.மீ. குறைந்தது. அது அச்சை நகர்த்தும் திருகிலோ அதன் நட்டிலோ உள்ள ஆட்டம். திசை மாறும்போதெல்லாம் மோட்டார் 0.4 மி.மீ. வெறுமனே சுற்றுகிறது. எண்ணை மாற்றி அதை மூடப் பார்த்ததில் ஒரு நோய் இரண்டாகிவிட்டது.

முதலில் 400-க்கே திரும்புங்கள். 200 ஸ்டெப் மோட்டார், ஒரு ஸ்டெப்புக்கு 16 மைக்ரோஸ்டெப், ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் திருகு என்றால் கணக்குப்படி 400-தான். பிறகு ஸ்பிண்டிலில் (வெட்டும் முனையைச் சுழற்றும் தலை) கூரான பென்சிலைப் பொருத்துங்கள். எக்ஸ் 50 என்ற இடத்துக்கு இடப்பக்கமிருந்து வந்து ஒய் திசையில் சிறு கோடு. தாண்டிப் போய், வலப்பக்கமிருந்து அதே 50-க்கு வந்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே ஆட்டம்.

அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை விரல் சொல்லும். மோட்டாரில் மின்சாரம் இருக்கட்டும், ஸ்பிண்டில் அணைந்திருக்கட்டும். ஒரு கையால் கேன்ட்ரியை (ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் பாலம்) முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே, மறு கையின் விரல் நுனியைக் கப்ளிங்கும் (மோட்டார் தண்டையும் திருகையும் இணைக்கும் துண்டு) திருகும் சேரும் இடத்தில் வையுங்கள். திருகே முன்பின் நகர்கிறது என்றால் முனை பேரிங் பிடிப்பு தளர்வு. சுருள் வெட்டுள்ள கப்ளிங் ஸ்பிரிங்போல நீண்டு சுருங்குவதும் அங்கேயே தெரியும். திருகு அசையாமல் கேன்ட்ரி மட்டும் அசைந்தால் நட் தேய்ந்திருக்கிறது. கப்ளிங்கின் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாச் சிறு திருகு) மோட்டார் தண்டின் தட்டையான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: வேலை முடிவதற்குள் வடிவம் ஒரே பக்கமாகத் தள்ளிப்போய்விடுகிறது. டிரைவரை (மோட்டாருக்கு மின்னோட்டம் செலுத்தும் மின்னணுப் பலகை) மாற்றியும் பயனில்லை.

பதில்: ஸ்டெப் தவறுகிறது. சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் தன் இடத்தைத் திருப்பிச் சொல்வதில்லை. அது தவறவிட்டதைக் கன்ட்ரோலர் அறியாது. ஸ்பிண்டிலை உயர்த்திவைத்து அதே கோப்பைக் காற்றில் ஓட்டி, கடைசியில் பூஜ்யத்துக்கு வரச் செய்யுங்கள். காற்றிலேயே தவறினால் முடுக்கமோ வேகமோ அதிகம். வேகம் கூடக்கூட இந்த மோட்டார்களின் முறுக்குவிசை இறங்கும். கன்ட்ரோலரில் ஓடும் மென்பொருள் ஜிஆர்பிஎல் என்றால், முடுக்க அமைப்புகளான எக்ஸுக்கு $120-ஐயும் ஒய்க்கு $121-ஐயும் பாதியாக்கிப் பாருங்கள். அப்போதும் தவறினால் டிரைவரின் மின்னோட்ட அளவையும் சூட்டையும் கவனியுங்கள். காற்றில் சரியாக ஓடி மரத்தில் மட்டும் தவறினால் வெட்டு ஆழத்தைக் குறையுங்கள்.

இன்னொன்று. நான் மூன்று மாலைப்பொழுதுகளை டிரைவர் மாற்றியே கழித்தேன். கடைசியில் பார்த்தால், தூசி உறிஞ்சும் குழாய் கேன்ட்ரி தூர மூலைக்குப் போகும்போது மேசை விளிம்பில் சிக்கி இழுத்துக்கொண்டிருந்தது.

கேள்வி: போகப்போக வெட்டு ஆழமாகிறது. இசட் (மேல்கீழ் அச்சு) மோட்டார் பலவீனமா?

பதில்: இருக்கலாம், ஆனால் அதற்கு முன் பிட்டை (வெட்டும் முனை) இறுக்கிப் பிடிக்கும் கோலெட்டைச் சந்தேகியுங்கள். மேல்நோக்கிச் சீவும் பிட், பிடி தளர்ந்தால் தன்னையே மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். கோலெட்டின் விளிம்பை ஒட்டிப் பிட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். கோடு கீழே இறங்கியிருந்தால் மோட்டார் நிரபராதி. கோலெட்டைத் துடைத்து நன்றாக இறுக்குங்கள். கோடு அப்படியே இருந்து, இயந்திரம் சும்மா நிற்கும்போது ஸ்பிண்டில் இறங்கினால் $1=255 என வையுங்கள்; மோட்டார்கள் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: மோட்டார் உறுமுகிறது, நடுங்குகிறது, சுற்றவில்லை.

பதில்: பெரும்பாலும் இரண்டு சுருள்களில் ஒன்று இணைப்பில் இல்லை, அல்லது கம்பிகள் ஜோடி மாறியிருக்கின்றன. மின்சாரத்தை அணைத்து, மோட்டாரைக் கழற்றி, இரண்டிரண்டு கம்பிகளாகத் தொடவைத்துத் தண்டைக் கையால் திருப்புங்கள். எந்த இரண்டில் தண்டு கடினமாகிறதோ அவை ஒரு ஜோடி. மின்சாரம் ஓடும்போது மட்டும் மோட்டார் இணைப்பைப் பிடுங்காதீர்கள். டிரைவர் அந்த நொடியே போய்விடக்கூடும்.

கேள்வி: ஸ்பிண்டிலை இயக்கியதும் 1-ஆம் எண் அலாரம் வந்து நின்றுவிடுகிறது. எந்த லிமிட் சுவிட்சும் (அச்சு எல்லையைத் தொட்டதும் நிறுத்தும் சுவிட்ச்) தொடப்படவில்லை.

பதில்: சுவிட்ச் கம்பி, ஸ்பிண்டிலின் மின் இரைச்சலைப் பிடிக்கும் ஆன்டெனா வேலை பார்க்கிறது. ஸ்பிண்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். உறையிட்ட கம்பி போட்டு, உறையை ஒரு முனையில் மட்டும் தரையிணைப்புச் செய்யுங்கள். சுவிட்சை இயல்பில் மூடிய நிலைக்கு மாற்றி, அதற்கேற்ப $5-ஐயும் (சுவிட்ச் சிக்னலைத் தலைகீழாக்கும் அமைப்பு) மாற்றினால் இரைச்சல் வெகுவாகக் குறையும். கம்பி அறுந்தாலும் உடனே தெரியும். $21-ஐ (லிமிட் சுவிட்ச் பட்டதும் நிறுத்தும் அமைப்பு) அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கேள்வி: பக்க அளவுகள் எல்லாம் சரி, ஆனால் செவ்வகம் சாய்ந்த இணைகரமாக வருகிறது.

பதில்: 300-க்கு 400 மி.மீ. செவ்வகம் வரைந்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 500 இருக்க வேண்டும். வேறுபட்டால் கேன்ட்ரி கோணலாக நிற்கிறது. மின்சாரத்தை அணைத்து, இரு பக்கத்தையும் முன்முனைத் தடுப்பில் சமமாக முட்டவைத்து, பிறகு இயக்குங்கள். ஒய் அச்சில் இரண்டு மோட்டார் உள்ளவர்கள் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இதைச் செய்ய வேண்டியிருக்கும்.