கூட்டம் ஏன் நெரிகிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போக்குவரத்துப் பொறியியலில் நடந்துபோகும் மனிதர்களைப் பற்றிய பகுதிதான் என் துறை. இயற்பியல், கட்டடப் பொறியியல், மனித நடத்தை என மூன்றும் அதில் கலந்து கிடக்கும். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஓர் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு இதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சம்பவம் விசாரணையில் இருக்கிறது, யார் மேல் தப்பு என்பதற்குள் நான் போகவில்லை. கூட்டம் எப்படி நகர்கிறது, எந்த இடத்தில் கொல்ல ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

திருச்சி, கல்லூரி மாணவர்: அண்ணா, ‘மிதிபட்டு இறந்தனர்’ என்றுதான் செய்திகளில் வருகிறது. உண்மையிலேயே மிதிபட்டுத்தான் இறக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை தம்பி. நின்ற நிலையிலேயே மூச்சு முட்டித்தான் இறக்கிறார்கள். மூச்சை உள்ளே இழுக்க விலா எலும்புக் கூடு முன்னும் பக்கவாட்டிலும் விரிய வேண்டும், உதரவிதானம் கீழே இறங்க வேண்டும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தால் அந்த விரிவுக்கு இடமே இருக்காது. மூக்குக்கு முன்னால் எவ்வளவு காற்று இருந்தாலும் அது உள்ளே போகாது. முதலில் மயக்கம் வரும், அழுத்தம் தளராவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

இந்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்பீர்கள். கூட்ட விபத்துகளுக்குப் பிறகு வளைந்துபோன இரும்புத் தடுப்புக் கம்பிகளை அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் கணக்கில் எடுத்துக்கொண்டார். அவற்றை வளைக்க 4,500 நியூட்டனுக்கு மேல் விசை வேண்டும். கிட்டத்தட்ட 450 கிலோ எடை நெஞ்சில் சாய்வதற்குச் சமம். அவ்வளவு விசையோடு யாரும் வேண்டுமென்று தள்ளுவதில்லை. வரிசை வரிசையாக ஒருவர் மேல் ஒருவர் லேசாகச் சாய்வதே சேர்ந்து சேர்ந்து அவ்வளவு ஆகிவிடுகிறது.

சேலம், விழாக் குழு உறுப்பினர்: சார், எத்தனை பேர் நின்றால் ஆபத்து? ஒரு நம்பர் சொல்லுங்கள்.

சாக்பீஸ் எடுத்து வாசலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போடுங்கள். அதற்குள் இரண்டு பேரை நிறுத்தினால் கையை வீசலாம், திரும்பலாம். நான்கு பேர் நின்றால் தோள்கள் உரசும், ஆனாலும் ஒருவரைச் சுற்றி இன்னொருவர் நகர முடியும். ஐந்தாவது ஆள் வந்ததும் நடை கிட்டத்தட்ட நின்றுவிடும். ஏழு பேர் ஆகிவிட்டால் அவரவர் உடல் அவரவர் கையில் இல்லை. கூட்டம் போகிற பக்கம் கால் தரையில் படாமலேயே போவீர்கள், செருப்பு கழன்று கிடக்கும்.

பிரிட்டனில் விளையாட்டு மைதானங்களுக்கு வைத்திருக்கும் வழிகாட்டியில், நின்று பார்க்கும் இடத்துக்கு உச்ச வரம்பு 10 சதுர மீட்டருக்கு 47 பேர். மனதில் வைத்துக்கொள்ள ‘சதுர மீட்டருக்கு நான்கு’ போதும். மைதானம் பெரியது என்ற சமாதானம் மட்டும் வேண்டாம். மொத்தப் பரப்பை மொத்தத் தலைகளால் வகுத்தால் வரும் சராசரி எப்போதும் அழகாகத்தான் இருக்கும். மேடைக்கு முன்னாலும் வாசலிலும் திருப்பத்திலும் எவ்வளவு என்று பாருங்கள்.

யாழ்ப்பாணம், ஆசிரியை: ஆனால் மக்கள் பதறி ஓடுவதால்தானே இது நடக்கிறது? கட்டுப்பாடு இல்லாத கூட்டம் என்றால் அப்படித்தானே?

டீச்சர், எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது.

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டும் ஆடும் கால்பந்து ஆட்டம். வெளியே நுழைவாயிலில் நெரிசல் கூடியதும் அதைக் குறைக்கப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய கதவைத் திறந்துவிடச் சொன்னது காவல்துறை. உள்ளே வந்தவர்களுக்கு நேர் எதிரில் ஒரு சுரங்கப்பாதை. அது போய்ச் சேரும் நடுப்பகுதிக் கூண்டுகள், அதாவது ரசிகர்கள் நின்று பார்க்கக் கம்பிவேலி அடைத்த பகுதிகள், ஏற்கெனவே நிரம்பியிருந்தன. இரண்டு பக்கமும் இருந்த கூண்டுகளில் இடம் இருந்தது. அங்கே போங்கள் என்று திருப்பிவிட யாரும் நிற்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. முன்னால் இருந்தவர்களுக்கு வெளியேற வழி இல்லை, எதிரே கம்பிவேலி. 97 பேர் இறந்தார்கள்.

குடித்துவிட்டு வந்த ரசிகர்கள் தள்ளியதுதான் காரணம் என்று உடனே கதை கட்டப்பட்டது. அந்தக் குடும்பங்கள் 27 ஆண்டுகள் போராடிய பிறகு, 2016-ல் மரண விசாரணை நீதிமன்றத்தின் ஜூரி, ரசிகர்களின் நடத்தைக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று தீர்ப்பு சொன்னது.

உளவியல் ஆய்வும் இதையேதான் சொல்கிறது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் ட்ரூரியும் அவருடைய சகாக்களும், 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளில் தப்பியவர்களிடம் பேசினார்கள். இருட்டில், புகையில், சுரங்க ரயிலுக்குள் மாட்டியிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், காயத்தைக் கட்டியிருக்கிறார்கள், ‘நீங்கள் முதலில் போங்கள்’ என்று வழிவிட்டிருக்கிறார்கள். ஒரே ஆபத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பே முன்பின் தெரியாதவர்களை ஒன்றாக்கிவிடுகிறது. நெரிசலில் செத்தவர்களை ‘ஒழுங்கில்லாதவர்கள்’ என்று பேசும்போது எனக்குக் கோபம் வரும். அப்படிச் சொல்லிவிட்டால் வாசலை, பாதையை, நேரத்தைத் திட்டமிட்டவர்களிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சென்னை, இயற்பியல் ஆசிரியர்: கூட்டத்தைத் திரவம் மாதிரிப் பார்க்கலாமா? அல்லது அது வெறும் பேச்சுக்குத்தானா?

ஓரளவுக்குப் பார்க்கலாம் சார். 1995-ல் டிர்க் ஹெல்பிங்கும் பீட்டர் மோல்னாரும் ‘சமூக விசை’ மாதிரியை வெளியிட்டார்கள். போக வேண்டிய இடம் ஒருவரை இழுக்கிறது, பக்கத்து ஆளும் சுவரும் விலக்குகின்றன என்று நியூட்டன் சமன்பாடு போல எழுதுவது. அவ்வளவு எளிய விதியிலிருந்தே, எதிரெதிரே வருபவர்கள் தானாக வரிசை பிரிந்து நடப்பது கணினியில் வந்துவிட்டது. ரங்கநாதன் தெருவில் நடந்தவர்களுக்கு அந்த வரிசை தெரிந்திருக்கும்.

2006 ஜனவரி 12 அன்று மெக்காவுக்கு அருகே மினாவில் ஹஜ் பயணிகள் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றைய கேமரா காட்சிகளை ஹெல்பிங் குழு பிறகு ஆராய்ந்தது. முதலில் சீரான ஓட்டம். அப்புறம் நின்று நின்று நகரும் அலை. கடைசியில் எல்லாத் திசையிலும் ஆட்களைத் தூக்கி எறியும் கொந்தளிப்பு. நின்று நகரும் அலை தெரிய ஆரம்பித்ததற்கும் ஆட்கள் விழுந்ததற்கும் நடுவே நேரம் இருந்தது. கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு என்ன தேட வேண்டும் என்று தெரிந்திருந்தால் உள்ளே வருவதை நிறுத்தியிருக்கலாம்.

2025-ல் வந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் பாம்ப்ளோனாவில் சான் ஃபெர்மின் திருவிழா தொடங்கும்போது நகரசபைச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் அடைந்து நிற்பார்கள். பிரான்ஸின் லியோனைச் சேர்ந்த டெனி பார்டோலோவின் குழு அதை மேலே பால்கனியிலிருந்து பல ஆண்டுகள் படம்பிடித்தது. நெருக்கம் ஓர் அளவைத் தாண்டியதும், நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து மெதுவாக வட்டமடிக்கிறார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 18 விநாடி. யாரும் சொல்லி நடப்பதில்லை, உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவதும் இல்லை. அதைக் கேமராவில் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்பதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

செங்கல்பட்டு, தினமும் காரில் போகிறவர்: ஜி.எஸ்.டி. சாலையில் விபத்தும் இல்லை, சிக்னலும் இல்லை, ஆனால் நிற்கிறது. ஏன்?

யாரோ ஒருவர் லேசாக பிரேக் தொட்டிருப்பார். ஜப்பானின் நாகோயாவைச் சேர்ந்த சுகியாமா குழு 2008-ல் வெளியிட்ட சோதனையில், 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்திலேயே நெரிசல் தானாகப் பிறந்தது. கார்கள் முன்னால் போக, அந்த நெரிசல் மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னால் நகர்ந்தது.

கோவை, சிவில் மாணவி: பாலத்தில் படைவீரர்கள் கால் மாற்றி நடக்க வேண்டும் என்பார்களே, சாதாரண மக்கள் நடந்தாலும் பாலம் ஆடுமா சார்?

ஆடும், ஆடியிருக்கிறது. நீ சொல்லும் வழக்கம் 1831-ல் மான்செஸ்டர் அருகே பிராட்டன் தொங்கு பாலம் படைவீரர் அணிநடையில் உடைந்த பிறகு உறுதியானது. அதைவிட நமக்குப் பாடம் சொல்வது லண்டன் மில்லினியம் நடைபாலம். 2000 ஜூன் 10 திறந்தார்கள், இரண்டே நாளில் மூடினார்கள்.

நாம் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறோம். எனவே கீழ்நோக்கிய உதை விநாடிக்கு இரண்டு தடவை. வடிவமைப்பாளர்கள் வழக்கமாகக் கவனிப்பது இதைத்தான். ஆனால் இடது கால் ஒரு பக்கமும் வலது கால் மறுபக்கமும் லேசாக உதைக்கிறது. அந்தப் பக்கவாட்டு உதை விநாடிக்கு ஒரு தடவை. பாலத்தின் பக்கவாட்டு அதிர்வெண் அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. பாலம் துளி ஆடியதும், ஆடும் படகில் நிற்பவர் போல எல்லோரும் காலை அகட்டி வைத்தார்கள். அது ஆட்டத்தை இன்னும் கூட்டியது. பிறகு ஊழியர்களை நடக்கவிட்டுச் சோதித்தபோது, 160 பேரை ஒட்டி வரும்வரை ஒன்றும் இல்லை, அதைத் தாண்டியதும் திடீரென்று ஆட்டம் ஏறியது. அந்தத் ‘திடீர்’தான் கவனிக்க வேண்டியது, பாதிப் பேரை வைத்துச் சோதித்திருந்தால் பாலம் பத்திரம் என்று எழுதியிருப்பார்கள். அதிர்வை உறிஞ்சும் டேம்பர்கள் பொருத்தி, சுமார் 50 லட்சம் பவுண்டு செலவில் 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள்.

எல்லோருடைய நடையும் ஒத்துப்போனதால் ஆடியது என்று ரொம்ப நாள் சொன்னோம். 2021-ல் வந்த ஓர் ஆய்வு, நடை ஒத்துப்போகாவிட்டாலும் விழாமலிருக்க ஒவ்வொருவரும் செய்யும் திருத்தமே பாலத்துக்கு ஆற்றல் ஊட்டும் என்று காட்டியது. உன் புராஜெக்ட்டுக்கு இது நல்ல தலைப்பு.

பெங்களூரு, மென்பொருள் பணியாளர்: வெளிநாட்டு எண்களை நம் ஊர்க் கூட்டத்துக்கு அப்படியே போடலாமா?

அப்படியே போடக் கூடாது. கான்பூர் ஐ.ஐ.டி.யும் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையமும் சேர்ந்து, ஒரே அளவுப் பாதையில் இந்தியர்களையும் ஜெர்மானியர்களையும் ஒற்றை வரிசையில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள், 2009-ல் வெளிவந்தது. நெருக்கம் கூடும்போது ஜெர்மானியர் அளவுக்கு நம்மவர் வேகம் குறையவில்லை. ஒழுங்கு குறைவாகத் தெரிந்த நம் நடைதான் அந்தச் சோதனையில் அதிக ஆட்களைக் கடத்தியது. ஆனால் நமக்கு நெருக்கம் பழகிவிட்டது என்பதே ஆபத்தும்கூட, எச்சரிக்கை மணி நமக்குத் தாமதமாக அடிக்கும். விலா எலும்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

ஈரோடு, திருமண மண்டப மேலாளர்: ஐயா, எங்கள் மண்டபத்தில் ஆயிரம் பேர் உட்காரலாம். ஒன்றரை மீட்டர் கதவு இரண்டு. போதுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர். இது நான் மேலே சொன்ன பிரிட்டன் வழிகாட்டியின் எண். உங்களுக்கு மொத்தம் 3 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 246 பேர். ஆயிரம் பேர் வெளியேற நான்கு நிமிடம் சொச்சம். சமையல் பக்கக் கதவைப் பூட்டி வைத்திருந்தால் எட்டு நிமிடம். தீப்பிடித்தால் எட்டு நிமிடம் கிடைக்காது.

கதவு வெளிப்புறமாகத் திறக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் விக்டோரியா அரங்கில் மேடையில் பரிசு கொடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் மாடியிலிருந்து இறங்கி ஓடினார்கள். படிக்கட்டின் அடியில் இருந்த கதவு உள்பக்கமாகத் திறப்பது. அதுவும் ஒரு பிள்ளை நுழையும் இடைவெளி மட்டும் விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. 183 குழந்தைகள் இறந்தார்கள். சினிமா தியேட்டரில் இடுப்பால் தள்ளினாலே திறக்கும் குறுக்குக் கம்பிக் கதவு இருக்கிறதே, அந்த யோசனை இந்தச் சாவுகளிலிருந்து வந்ததுதான்.

கும்பகோணம், கடைக்காரர்: 2028-ல் மகாமகம் வருகிறது. 1992-ஐ நினைத்தாலே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

1992 பிப்ரவரி 18 அன்று குளக்கரையில் சுமார் 50 பேர் போனது எனக்கும் மறக்காது. எல்லோரும் ஒரே நல்ல நேரத்தில் ஒரே தண்ணீரில் இறங்க நினைப்பதுதான் சிக்கலே. மினாவில் செய்ததைப் பாருங்கள். ஹஜ் சடங்கில் கல்லெறியும் தூண்களை நீண்ட சுவர்களாக மாற்றினார்கள், பல அடுக்குப் பாலம் கட்டினார்கள், ஒருவழிப் பாதை ஆக்கினார்கள், குழுக்களுக்கு நேரம் ஒதுக்கினார்கள். பாலத்தில் சாவு நின்றது. ஆனால் 2015 செப்டம்பர் 24 அன்று அங்கே போகும் தெருவில் இரண்டு கூட்டங்கள் சந்தித்த முனையில் பெரிய விபத்து. சவூதி அரசின் கணக்கு 769, பல நாடுகள் அறிவித்ததைக் கூட்டினால் 2,400-க்கு மேல். ஆகவே குளத்தை மட்டும் பார்த்தால் போதாது. பேருந்து நிலையத்திலிருந்து வரும் ஒவ்வொரு தெருவையும் கணக்கில் எடுக்க வேண்டும். முக்கியப் பிரமுகர்களைப் பொதுமக்கள் நீராடும் நேரத்தில் கொண்டுவரவே கூடாது. இதை நான் யாரிடமும் சொல்லத் தயார்.

மதுரை, இரண்டு குழந்தைகளின் அம்மா: மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

முழங்கையை அசைக்க இடம் இல்லை என்று தெரிந்த உடனே ஓரமாகக் கிளம்பிவிடுங்கள் அம்மா, கடைசி வரை பார்க்க வேண்டாம். மாட்டிவிட்டால் இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாதீர்கள், அதோடு போங்கள். அலை ஓய்ந்ததும் குறுக்குச் சாய்வாக இரண்டடி நகருங்கள். சுவர், தடுப்புக் கட்டை பக்கம் போகாதீர்கள். போன் விழுந்தால் குனியாதீர்கள். சின்னப் பிள்ளையைத் தூக்கி உயரமாகப் பிடியுங்கள்.

திருநெல்வேலி, பிளஸ் டூ மாணவி: இதைப் படிக்க எந்தப் பாடம் எடுக்க வேண்டும்?

இயற்பியல், சிவில், கணினி, உளவியல் எதிலிருந்தும் வரலாம் கண்ணு. யூலிஷ் மையம் தன் சோதனைத் தரவுகளை இலவசமாகவே வெளியிடுகிறது. ஜூபெட்சிம் என்ற அவர்களுடைய சிமுலேஷன் மென்பொருளும் இலவசம், கல்லூரியில் சேரும் முன்பே ஓட்டிப் பார்க்கலாம். அதற்கும் முன்னால், உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் மாடியில் நின்று, ஒரு வாசலை ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று காலையிலும் மாலையிலும் எண்ணி எழுது. வாசலின் அகலத்தையும் அளந்துகொள். எனக்கு அனுப்பினால் 82 என்ற எண்ணோடு சேர்ந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.