கொரோனா நெகட்டிவ் ஆன பிறகும் ஐசியூவில் இருந்தவர் கிருமித்தொற்றால் இறந்தது எப்படி?

கேள்வி கேட்டவரின் மாமா 2021 மே மாதம் பதினெட்டு நாள் வென்டிலேட்டரில் இருந்திருக்கிறார். 'நெகட்டிவ் ஆகிவிட்டது' என்று சொன்ன மருத்துவமனையே நான்கு நாள் கழித்து 'ரத்தத்தில் கிருமி பரவி இறந்துவிட்டார்' என்றதாம். இரண்டில் எது பொய் என்று கேட்கிறார்.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம்: போனது கொரோனா வைரஸ், கொன்றது வேறொரு கிருமி, பாக்டீரியா. நான் நுண்ணுயிரியல் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன். நோயாளியின் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் மூச்சுக்குழாயிலிருந்து உறிஞ்சி எடுத்த சளி ஒரு குப்பியில் வரும். அதைத் தட்டில் கோடு கோடாக இழுத்து வைத்தால், மறுநாள் காலை கிருமி முளைத்திருக்கும். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா என்றால் இளஞ்சிவப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். சில வகைகளைக் கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் வெண்டைக்காய்க் கொழகொழப்புப் போல நூலாக நீளும்.

அடுத்து மருந்துச் சோதனை. கிருமியை இன்னொரு தட்டு முழுக்கப் பரப்பி, ஆன்டிபயாடிக் தோய்த்த பொட்டளவுக் காகித வில்லைகளை மேலே வைப்போம். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தெரியும். அந்த மே மாதத்தில் பல தட்டுகளில் வட்டமே இல்லை. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் வில்லையின் விளிம்பை உரசிக்கொண்டு கிருமி வளர்ந்திருந்தது. அறிக்கையில் 'ஆர்', 'ஆர்', 'ஆர்' என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போடுவோம். 'ஆர்' என்றால் மருந்துக்கு மசியாதது.

மிச்சமிருந்தது பெரும்பாலும் கோலிஸ்டின். 1950களின் மருந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்தது. வேறு வழியின்றித் தூசு தட்டி எடுத்தார்கள். (கோலிஸ்டினுக்கு வில்லைச் சோதனையை நம்பக் கூடாது என்பது வேறு தலைவலி.)

இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அந்த வார்டிலிருந்தேதான். வைரஸ் நுரையீரலின் உட்பூச்சைக் கிழித்துவிட்டுப் போகிறது. உயிர்காக்கக் கொடுத்த டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு உண்மையிலேயே உயிர் காத்தது. 2020இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு அதை நிறுவியது. ஆனால் ஸ்டீராய்டு உடலின் காவலைத் தளர்த்தவும் செய்யும். தொண்டையில் குழாய் இருப்பவரால் இருமித் துப்ப முடியாது. குழாயின் உட்புறம் கிருமிகள் பாசிபோலப் படிந்துவிடும். கழுத்து ரத்தக்குழாயில் ஒரு குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், ஒவ்வொன்றும் ஒரு வாசல். ஒரு செவிலியர் எத்தனை படுக்கை ஓடுவார்? கையுறையைப் படுக்கைக்குப் படுக்கை மாற்றாவிட்டால் அது அவரைக் காக்கும், நோயாளியைக் காக்காது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. உடை முழுக்க வியர்வையோடு எட்டு மணி நேரம் நின்றவர்கள் அவர்கள்.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020இல் பத்து மருத்துவமனைகளின் 17,534 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்தது. கொரோனாவோடு இப்படி வேறொரு கிருமித்தொற்றும் வந்தவர்கள் 3.6 சதவீதம்தான். ஆனால் அவர்களில் 56.7 சதவீதம் பேர் இறந்தார்கள். மொத்த நோயாளிகளில் இறப்பு 10.6 சதவீதம். முதலிடத்தில் கிளெப்சியெல்லா, அடுத்து அசினெட்டோபாக்டர் என்ற இன்னொரு பாக்டீரியா.

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். காய்ச்சல் தொடங்கிய அன்றே தெருமுனை மருந்துக் கடையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கியவர்கள் எத்தனை பேர்! வைரஸை அது தொடாது; மருந்துக்கு மசியாத கிருமிகளைத்தான் வளர்க்கும். கொரோனாவுக்குப் பலனில்லை என்று ஆய்வுகளும் சொல்லிவிட்டன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் பாக்டீரியாத் தொற்றும் இருந்தவர்கள் சுமார் 8 சதவீதம். ஆன்டிபயாடிக் பெற்றவர்களோ சுமார் 75 சதவீதம். ஆனால் வென்டிலேட்டரில் இருப்பவரின் ரத்த அழுத்தம் சரியும்போது, இரண்டு மூன்று நாள் ஆகும் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவுக்காக எந்த மருத்துவரும் காத்திருக்க முடியாது. அந்த நேரத்துப் பெரிய மருந்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

மாமாவின் கோப்பு உங்களிடம் இருந்தால் இரண்டு தேதிகளைப் பாருங்கள்: குழாய் செருகிய நாள், கிருமி வளர்ந்த மாதிரியை எடுத்த நாள். நடுவில் 48 மணி நேரத்துக்கு மேல் இருந்து, தொற்றின் அறிகுறிகளும் அதற்குப் பிறகே தொடங்கியிருந்தால், அது வென்டிலேட்டரில் இருக்கும்போது வந்த தொற்று என்றே கொள்வார்கள். பிறகு சென்சிடிவிட்டி (மருந்துச் சோதனை) அறிக்கையில் எத்தனை 'ஆர்' இருக்கிறது என்று எண்ணுங்கள். கல்ச்சர் அறிக்கையே கோப்பில் இல்லையென்றால், மாதிரியை ஏன் சோதனைக்கு அனுப்பவில்லை என்று மருத்துவமனையிடம் கேளுங்கள்.