கூடு மாட்டியும் குருவி வரவில்லையே, ஏன்?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் பழைய பலகைக் கடைவீட்டில் இருந்தபோது, அப்பாவின் மளிகைக்கடை அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) சிந்தும் அரிசிக்குச் சிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்குக் குடிவந்த பிறகு ஒன்றையும் காணோம். இணையத்தில் மரக்கூடு வாங்கி, கார் நிறுத்தும் இடத்தில் தகரக் கூரைக்கு அடியில் மாட்டினேன். மாதக்கணக்காகக் காலியாகவே கிடக்கிறது. மைனாதான் ஒருமுறை எட்டிப் பார்த்தது. கைப்பேசிக் கோபுரம்தான் காரணம் என்கிறார்களே, உண்மையா? கூட்டை எங்கே மாட்டுவது? கீழே விழுந்த குஞ்சைக் கையால் தொட்டால் தாய் சேர்க்காதா?

பதில்: கோபுரக் கதையை முதலில் முடித்துவிடுவோம். பிரிட்டனில் சிட்டுக்குருவி குறையத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். அங்கே கைப்பேசிச் சேவை வந்ததே 1985இல்தான். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020இல் வெளியான அறிக்கையும், பெருநகரங்களில் குறைந்திருந்தாலும் நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்றது. கோபுரம் எட்டாத கிராமம் இந்தியாவில் எத்தனை மிச்சம்? வாட்ஸ்அப்பில் வந்ததை அழித்துவிடலாம்.

அடுத்து, உங்கள் அஞ்சடியில் அரிசி பொறுக்கியது தமிழ்நாட்டு வீடுகளில் கூடு கட்டும் அதே குருவி அல்ல. இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் வேறு இனம். தமிழ்நாட்டுக் குருவியில் ஆணுக்கு உச்சந்தலை சாம்பல், தொண்டையில் கறுப்பு. பெண் வெறும் மங்கிய பழுப்பு. நம் ஊர்க் குருவிக்கு உச்சந்தலை செம்பழுப்பு, வெள்ளைக் கன்னத்தில் மை தொட்டு வைத்தாற்போல ஒரு கறும்புள்ளி. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இருக்கும். ஐரோப்பாவில் இது வயலையும் தோப்பையும் அண்டி வாழும்; தென்கிழக்காசியாவில் ஊருக்குள் நம்மோடு குடியிருக்கிறது. தமிழ்நாட்டுக் குருவி மலேசியாவில் அரிது. ஆகவே சென்னைக்காரர்கள் தரும் கூட்டின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு காலை ஏழு மணிக்குப் பாசார் (சந்தை) பக்கமும் கோப்பிக்கடை வாசலிலும் நின்று பாருங்கள். ஊரில் குருவி இருக்கும் என்பதே என் ஊகம். உங்கள் தெருவில்தான் இல்லை. தாமான் வீட்டில் அதற்கு என்ன இருக்கிறது? முன்வாசல் முழுக்க சிமெண்ட். கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே விரல் நுழையாது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளிலும் பலகைக் கடைகளிலும் ஓட்டுக்கு அடியில் சந்து கிடைக்கும். பின்பக்கம் புல் விதைத்து நிற்கும்.

இடத்தைவிடப் பெரிய குறை குஞ்சுக்கான தீனி. அரிசியும் புல்விதையும் தாய்க் குருவிக்குப் போதும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு முதல் சில நாள் புழு பூச்சிதான் வேண்டும். சீனாவில் 1958இல் தானியம் தின்கிறது என்று கோடிக்கணக்கில் அடித்துக் கொன்றார்களே, அது இதே கன்னப்புள்ளிக் குருவிதான். பிறகு பூச்சி பெருகி வயல் நாசமானது. 1960இல் குருவியை ஒழிப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். இங்கே தோட்டத்துப் பக்கம் களைக்கொல்லி அடித்தால் புல்விதையும் போகிறது, புல்லை நம்பிய பூச்சியும் போகிறது. டிங்கிக்கு அடிக்கும் புகை கொசுவை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்வதில்லை. புகையை நிறுத்தச் சொல்லமாட்டேன், உயிர் போகிற விஷயம். உங்கள் வேலிக்குள் மருந்து அடிக்காமல் இருப்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

ஒரு பந்தலில் பயற்றங்காய் போடுங்கள். இளங்கொடி நுனியில் கறுப்பு அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டால் பதறி மருந்தைத் தூக்காதீர்கள். கொடியில் தொங்கியபடி அதைக் கொத்தி அலகு நிறையச் சேர்த்துக்கொண்டு பறக்கும் குருவியைப் பார்த்தால், பக்கத்தில் குஞ்சு இருக்கிறது என்று பொருள். கறிவேப்பிலைப் புழுவுக்கும் கொஞ்சம் இலையை விட்டுக்கொடுங்கள். மண்குளியலுக்கு மழை படாத ஓரமாக ஒரு முழம் காய்ந்த மண் போதும். தண்ணீர் வைத்தால் தினமும் கொட்டித் தேய்த்து மாற்றுங்கள். கொசுப்புழு கண்டால் சுகாதார அதிகாரி கம்பவுண்ட் (அபராதம்) எழுதிவிடுவார். குருணையை ஒரு கைப்பிடிக்குமேல் போடவேண்டாம், மிச்சத்துக்கு எலியும் புறாவும் வரும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவது அப்புறம்.

இப்போது கூடு. மைனா எட்டிப் பார்த்தது என்றால் துளை பெரிதாக இருக்கலாம். நம் குருவிக்கு 28 மில்லிமீட்டர் போதும், அதில் மைனா நுழைய முடியாது. வீட்டில் பழைய 50 சென் காசு, 2012க்கு முந்தைய பெரிய காசு, கிடந்தால் எடுத்து வைத்துப் பாருங்கள். அது கிட்டத்தட்ட அதே அளவு. லொடலொடவென்று உள்ளே விழுந்தால், 28 மில்லிமீட்டர் துளையிட்ட பலகைத் துண்டை மேலே ஆணி அடித்துச் சின்னதாக்குங்கள். துளைக்குக் கீழே குச்சி இருந்தால் பிடுங்கிவிடுங்கள். எதிரிக்குத்தான் அது பிடிமானம்.

தகரத்துக்கு அடியில் மாட்டியதுதான் பெரிய தப்பு. மதியத்தில் உள்ளே குஞ்சு வெந்துவிடும். மூன்று மீட்டர் உயரத்துக்குமேல், மேற்கு வெயிலும் சாரலும் படாத சுவரில், பூனை எட்டாதபடி மாட்டுங்கள். முடிந்தால் பக்கத்திலேயே இன்னும் ஓரிரண்டு. இவை அண்டை அயலோடு வாழ விரும்புகிறவை. குடிவந்தபின் திறந்து பார்க்காதீர்கள்.

குஞ்சைத் தொட்டால் தாய் ஒதுக்கும் என்பது வெறும் நம்பிக்கை. இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடி உள்ளே வைத்துவிடுங்கள். இறகு வந்து தத்தித் தத்திப் போகிற குஞ்சு பறக்கப் பழகுகிறது. பூனை வராத செடி மறைவில் விட்டுவிட்டு நீங்கள் தள்ளிப் போய்விட்டால் தாயே வந்து ஊட்டும். வீட்டுக்குள் கொண்டுபோய் பாலும் ரொட்டியும் ஊட்ட வேண்டாம்.