யூஎக்ஸ் ரிசர்ச்சராக என் தொழில்திறனை எப்படி வளர்த்துக்கொள்வது? எந்த சர்டிஃபிகேட் உதவும்?

நீங்கள் இந்த வேலைக்கு, அதாவது ஒரு ஆப்பையோ தளத்தையோ மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் வேலைக்கு, வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், டீமில் ரிசர்ச் செய்பவர் நீங்கள் ஒருவர்தான், தப்பு செய்தால் எடுத்துச் சொல்ல ஆள் கிடையாது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் பாதி பதில் உங்களுக்குப் பொருந்தாது.

சர்டிஃபிகேட் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறைகளின் பெயர், எதை எப்போது செய்வது என்று தெரிந்துகொள்ள ஒரு கோர்ஸ் போதும். இரண்டாவது கோர்ஸுக்கு ஒதுக்கும் நேரத்தில் நீங்கள் யூசர்களை உட்காரவைத்து நடத்திய செஷன்களின் ரெக்கார்டிங்கை உட்கார்ந்து கேளுங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அது எனக்கு இந்தத் துறையில் மூன்றாவது வருடம். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கும் ஆப். நான்கு ஸ்க்ரீனாக இருந்த முன்பதிவை டிசைனர்கள் இரண்டாகச் சுருக்கியிருந்தார்கள். ஆறு பேரை வைத்து டெஸ்ட் செய்தேன். ஆறு பேரும் முன்பதிவை முடித்தார்கள். பயன்படுத்த எவ்வளவு எளிது என்று நூற்றுக்கு மதிப்பிடும் எஸ்.யூ.எஸ். கேள்வித்தாளைக் கடைசியில் கொடுத்தேன், 84 வந்தது. அதில் 68தான் பொதுவான சராசரி என்பதால், அந்த 84ஐ ரிப்போர்ட்டின் முதல் ஸ்லைடிலேயே பெரிதாகப் போட்டேன்.

ஆப் வெளியானது. 'உறுதி செய்' பட்டன் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் முன்பைவிட அதிகமானார்கள். மேனேஜர் கோபப்படவில்லை. "டெஸ்ட்ல அந்த இடத்துல யாருமே தயங்கலையா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று அடித்துச் சொன்னேன். என் நோட்ஸில் அப்படித்தான் இருந்தது.

அன்று இரவு ரெக்கார்டிங்கைத் திறந்தேன். முதல் ஆள் ஒரு பெரியவர். விரல் பட்டனுக்கு மேலேயே நிற்கிறது. "இதை அழுத்தினா இப்பவே பணம் எடுத்துக்குமா?" என்கிறார். "இல்ல சார், அங்க போய்க் கொடுத்தா போதும்" என்று என் குரல் கேட்கிறது. அழுத்துகிறார். நோட்ஸில் 'தடையில்லாமல் முடித்தார்' என்று எழுதியிருக்கிறேன். அடுத்தவர் வாய் திறந்து கேட்கவில்லை, என் முகத்தைப் பார்க்கிறார். நான் தலையாட்டுகிறேன். மூன்றாவது ஆள் "அழுத்தட்டுமா?" என்கிறார். "ம், அழுத்துங்க."

ஆறில் ஐந்து பேருக்கு ஏதோ ஒரு வகையில் நான் பதில் சொல்லியிருந்தேன். ஸ்க்ரீனில் இருந்திருக்க வேண்டிய ஒரு வரியை என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டில் தனியாக ஆப்பைத் திறந்தவருக்கு அந்த வரியைச் சொல்ல யாரும் இல்லை. அந்தப் பெரியவரின் விரல் நின்ற இடம் இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார்.

ஆறு பேரை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் போதும் என்ற பேச்சுக்கு அடிப்படை 1993ல் ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு. ஒரு குறை ஒரு யூசரிடம் வெளிப்பட சராசரியாக 31 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், ஐந்து பேரிலேயே ஏறக்குறைய 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும். அந்த 31 எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. 2001ல் ஜாரெட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் இணைய விற்பனைத் தளங்களைச் சோதித்தபோது முதல் ஐந்து பேரிடம் 35 சதவீதம்தான் கிடைத்தது. ஆக, எண்ணிக்கையைப் பற்றிய சண்டை நியாயமான சண்டை. ஆனால் என் டெஸ்டில் குறை முதல் ஆளிடமே வெளியே வந்துவிட்டது, அதை மூடியது நான். அறுபது பேரைக் கூப்பிட்டிருந்தாலும் அறுபது தடவை மூடியிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஸ்டடியிலும் ஒரு செஷனின் முதல் பத்து நிமிடத்தை என் கையாலேயே எழுதுவேன். அவர்கள் பேசியதோடு நான் பேசியதும், 'ம்', 'சரி', 'சூப்பர்' உட்பட, ஒன்று விடாமல். தானாக எழுத்தாக்கித் தரும் கருவிகள் இருக்கின்றன, நானும் மற்ற செஷன்களுக்குப் பயன்படுத்துகிறேன். ஆனால் தன் பேச்சைத் தானே எழுதும்போது வருகிற கூச்சம் இருக்கிறதே, அதுதான் அடுத்த செஷனில் வாயைக் கட்டுகிறது.

ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன்: "நடுவுல ஏதாவது கேட்டா உடனே பதில் சொல்ல மாட்டேன், முடிஞ்சதும் எல்லாத்துக்கும் சொல்றேன்." அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டால், "என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வேன். அந்த மௌனத்தைத் தாங்குவது முதலில் கொடுமையாக இருந்தது. மனதுக்குள் ஏழு வரை எண்ணிப் பழகினேன். பெரும்பாலும் ஐந்துக்குள் அவர்களே பேசிவிடுவார்கள், அதுவும் நான் கேட்டிருக்கவே முடியாத ஒன்றை. நோய், கடன் மாதிரி விஷயங்களைப் பேசி ஒருவர் கலங்கினாலும் கல்லாக உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஸ்டடியை நிறுத்திவிட்டு மனிதரைக் கவனியுங்கள்.

இன்னொன்று, 'ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்' என்பதற்கு வரும் பதிலை அப்படியே முடிவாக எழுதாதீர்கள். 1977ல் நிஸ்பெட், வில்சன் என்ற உளவியலாளர்கள் எழுதிய ஆய்வில் ஒரு சோதனை வருகிறது. வரிசையாக வைத்திருந்த நான்கு ஜோடி நைலான் காலுறைகளில் எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் ஒரே மாதிரியானவை. இடக்கோடியில் இருந்ததைவிட வலக்கோடியில் இருந்ததை ஏறக்குறைய நான்கு மடங்கு பேர் தேர்ந்தெடுத்தார்கள். வைத்திருந்த இடம்தான் காரணம் என்று ஒருவரும் தானாகச் சொல்லவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியவில்லை. அதனால்தான் என் நோட்ஸில் இரண்டு பத்தி: பார்த்ததும் கேட்டதும் ஒன்றில், நான் நினைத்தது இன்னொன்றில். 'தடையில்லாமல் முடித்தார்' என்பது இரண்டாவது பத்தியில் போயிருக்க வேண்டிய வரி. முதல் பத்தியில் 'பணம் எடுத்துக்குமா என்று கேட்டார், நான் இல்லை என்றேன்' என்று எழுதியிருந்தால், ரிப்போர்ட் போகும் முன்பே எனக்கு உறைத்திருக்கும்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் திறமை பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலைக்கு எடுக்கும் முன் 'அசைன்மென்ட்' என்ற பெயரில் தங்கள் ப்ராடக்டுக்கே முழு ரிசர்ச் ப்ளான் கேட்கிறார்கள். நானும் ஒரு தடவை மூன்று இரவு உட்கார்ந்து செய்து கொடுத்தேன். ஆறு பக்கம். தேர்வாகவில்லை என்ற மெயில்கூட வரவில்லை. நான் எழுதிய நேர்காணல் கேள்விகளையே வரிசை மாறாமல் அந்த டீம் யூசர்களிடம் கேட்டது என்று பின்னால் அங்கே சேர்ந்த நண்பர் மூலம் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் முடிகிற, கற்பனையான ஒரு ப்ராடக்டைக் கொடுத்துப் பார்த்தாலே ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்பது தெரிந்துவிடும். தங்கள் வேலையையே செய்யச் சொன்னால் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மறுக்க முடியாத நிலையில் இருப்பார்கள் என்று தெரிந்துதான் கேட்கிறார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாக நீங்கள் நடத்திய செஷன் ரெக்கார்டிங் கையில் இருந்தால், யூசர் தயங்கி உங்களைப் பார்க்கிற முதல் இடத்தைத் தேடுங்கள். அங்கே நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை எழுதிவைத்துவிட்டு, உங்கள் ரிப்போர்ட்டில் அந்த இடம் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள்.