பொருளாதார வரலாற்றில் ஆராய்ச்சி செய்ய இன்று இடம் இருக்கிறதா?

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வரலாற்றில் இளங்கலை, பொருளியலில் முதுகலை முடித்திருக்கிறேன். பொருளாதார வரலாற்றில் ஆராய்ச்சி செய்ய ஆசை. பெரிய கேள்விகளுக்கெல்லாம் ஏற்கெனவே பதில் சொல்லி முடித்துவிட்டார்கள் என்கிறார்கள் சிலர். இனி பழைய ஆவணங்களைக் கணினியே படித்துவிடும், ஆட்கள் தேவைப்பட மாட்டார்கள் என்கிறார்கள் வேறு சிலர். என் கணிதம் சுமார்தான். புதிதாக என்ன நடக்கிறது? எங்கே படிக்கலாம், உதவித்தொகை கிடைக்குமா? நான் எதிலிருந்து தொடங்க வேண்டும்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆவணத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். கோட்பாட்டிலிருந்தோ மென்பொருளிலிருந்தோ வேண்டாம். இந்தத் துறையில் இன்று தட்டுப்பாடு தரவுக்கு இல்லை. ஒரு எண் எப்படி, யாரால், எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத்தான் தட்டுப்பாடு.

துறை முடிந்துவிட்டது என்பவர்கள் அண்மைக்காலப் பொருளியல் நோபல் பட்டியலைப் பார்த்தால் போதும். 2022-இல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான பென் பெர்னாங்கி, 1930-களின் பெருமந்தத்தில் வங்கிகள் விழுந்தது வெறும் விளைவு அல்ல, மந்தம் அவ்வளவு ஆழமாகவும் நீண்டதாகவும் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று காட்டியவர். 2023-இல் கிளாடியா கோல்டின், அமெரிக்கப் பெண்களின் 200 ஆண்டு வேலை வரலாற்றுக்காக. 2024-இல் டேரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன், காலனி ஆட்சி விட்டுச்சென்ற அமைப்புகள் பற்றிய ஆய்வுக்காக. 2025-இல் பரிசின் பாதி ஜோயல் மோக்கிருக்கு. அவர் முழுக்க முழுக்கப் பொருளாதார வரலாற்றாசிரியர். நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக இப்படி அமைந்தது, பொருளியல் தன் விடைகளைத் தேடிப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

பெரிய கேள்விகளுக்குப் பதில் சொல்லியாயிற்றா என்றால், சொன்ன பதில்கள் இப்போதுதான் ஆட்டம் காண்கின்றன. தொழிற்புரட்சி ஏன் இங்கிலாந்தில் தொடங்கியது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கூலி அதிகம், நிலக்கரி மலிவு, அதனால் ஆளுக்குப் பதில் எந்திரம் வைப்பது லாபமாக இருந்தது என்பது ராபர்ட் ஆலன் முன்வைத்த விளக்கம். அழகான விளக்கம், பாடநூல்களிலும் ஏறிவிட்டது. அதன் முக்கியத் தூண்களில் ஒன்று லண்டன் கட்டுமானத் தொழிலாளர்களின் நாள்கூலிப் பட்டியல். ஜூடி ஸ்டீபன்சன் அந்தப் பட்டியல்கள் எடுக்கப்பட்ட ஆவணங்களுக்கே திரும்பிப் போனார். கூலி என்று எல்லோரும் எடுத்துக்கொண்ட தொகை, ஒப்பந்தக்காரர் கட்டட உரிமையாளரிடம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட பில். அதில் ஒப்பந்தக்காரரின் செலவும் லாபமும் சேர்ந்திருந்தன. தொழிலாளி கையில் வாங்கியது அதைவிட 20 முதல் 30 சதவீதம் குறைவு. 2018-இல் வந்த அந்தக் கட்டுரையில் சிக்கலான சூத்திரம் எதுவும் இல்லை. ஒரு பில்லை பில் என்று சரியாகப் படித்ததுதான் கண்டுபிடிப்பு.

அதே பட்டியல்களில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. நாள்கூலியை 250 நாட்களால் பெருக்கி ஆண்டு வருமானம் என்று வைத்துக்கொண்டார்கள். உண்மையில் எத்தனை நாள் வேலை கிடைத்தது? ஜேன் ஹம்ஃப்ரிஸும் ஜேக்கப் வைஸ்டார்ஃபும் நாள்கூலியை விட்டுவிட்டு, ஆண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்களின் சம்பளத்தைத் திரட்டினார்கள். 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அழித்த கொள்ளைநோயான கறுப்புச் சாவுக்குப் பிறகு உழைப்பாளர்களுக்குப் பொற்காலம் வந்தது என்ற பழைய சித்திரம் அதில் நிறையவே மங்கிவிட்டது. ஆலன் தரப்பும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது, விவாதம் இன்னும் நடக்கிறது. ஆக, நீங்கள் நுழையப் போவது முடிந்துபோன துறைக்குள் அல்ல, சண்டை நடக்கும் களத்துக்குள்.

2024-இல் பரிசு பெற்றவர்களின் புகழ்பெற்ற 2001-ஆம் ஆண்டுக் கட்டுரையும் இதே சோதனையைச் சந்தித்தது. ஐரோப்பியக் குடியேறிகள் எந்தெந்த நாட்டில் எவ்வளவு பேர் இறந்தார்கள் என்ற கணக்கை வைத்து, காலனி காலத்தில் அமைந்த அமைப்புகளே இன்றைய வருமானத்தைத் தீர்மானிக்கின்றன என்று கட்டப்பட்ட வாதம் அது. பட்டியலில் உள்ள 64 நாடுகளில் 36 நாடுகளுக்கான இறப்பு விகிதம் வேறு நாடுகளிலிருந்து இரவல் வாங்கப்பட்டது என்று டேவிட் அல்பூய் 2012-இல் எழுதினார். ஆசிரியர்கள் அதே ஆண்டில் மறுப்பும் எழுதினார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஒரு பருவத்துப் பாடத்தைவிட அதிகம் கற்றுக்கொள்ளலாம். "பழைய நிகழ்வு, இன்றைய விளைவு" என்ற வகை ஆய்வுகள் மொத்தத்தின் மேலும் மார்கன் கெல்லி ஒரு கேள்வி எழுப்பியிருக்கிறார். பக்கத்துப் பக்கத்து இடங்கள் இயல்பாகவே ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதைக் கணக்கில் எடுத்தால் பல முடிவுகளின் பலம் வெகுவாகக் குறைகிறது என்கிறார். என் கருத்தில் இந்த வகை ஆய்வை முதல் ஆய்வாகத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. கூட்டமும் அதிகம், அடித்தளமும் ஆட்டத்தில் இருக்கிறது.

சரி, கணினி விஷயத்துக்கு வருவோம். டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள்கள், நீங்கள் படித்து எழுதிக் கொடுத்த சில பக்கங்களைக் கொண்டு அந்தக் கையெழுத்தைக் கற்றுக்கொண்டு மீதிப் பக்கங்களைத் தாமே படிக்கின்றன. அட்டவணைகளும் செய்தித்தாள் பத்திகளும் இருக்கும் பக்கங்களைப் பிரித்தெடுக்க மெலிசா டெல் குழு லேஅவுட் பார்சர் என்ற இலவசக் கருவியை வெளியிட்டிருக்கிறது. ஒரு ஆள் பல ஆண்டுகள் உட்கார்ந்து எழுதியெடுக்க வேண்டியதைச் சில வாரங்களில் எடுத்துவிடலாம். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆனால் இந்தக் கருவிகள் செய்யும் தவறுகள் எங்கும் சீராகப் பரவியிருப்பதில்லை. பதிவேட்டில் ஒரே ஊர் திரும்பத் திரும்ப வந்தால் எழுத்தர் "மேற்படி" என்று ஒரு குறி மட்டும் போட்டிருப்பார். அதைக் கருவி வெற்றிடமாகப் படித்தால், ஒரே ஊரிலிருந்து கூட்டமாக வந்தவர்கள்தான் தரவிலிருந்து காணாமல் போவார்கள். ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருக்கும் ஆளை அடுத்த கணக்கெடுப்பில் பெயரை வைத்துக் கண்டுபிடிக்கும் ஆய்வுகளிலும் இப்படித்தான். திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறும் நாடுகளில் பெண்கள் விட்டுப்போகிறார்கள். மிகச் சாதாரணப் பெயர் உள்ளவர்களும் விட்டுப்போகிறார்கள். புதிய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளில் வேறு ஆபத்து: படிக்க முடியாத இடத்தில் பொருத்தமாகத் தோன்றும் ஒரு சொல்லை அவையே நிரப்பிவிடும். இதையெல்லாம் பிடிக்க, மூலப் பக்கத்தைக் கண்ணால் பார்த்துப் பழகியவர் வேண்டும். உங்கள் வரலாற்றுப் பட்டம் பயன்படப் போகும் இடம் இதுதான்.

அண்மையில் திறந்த பதிவுகளும் நிறைய. அமெரிக்கா தன் கணக்கெடுப்புத் தாள்களை 72 ஆண்டுகள் கழித்து வெளியிடும். 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. இங்கிலாந்து, வேல்ஸின் 1921 கணக்கெடுப்பு அதே ஆண்டு ஜனவரியில் வந்தது. (1931-ஆம் ஆண்டுத் தாள்கள் 1942-இல் தீயில் எரிந்துபோயின, 1941-இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அதனால் அங்கே 1921-தான் நீண்ட காலத்துக்குக் கடைசி.) 1497 முதல் 1857 வரை டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடையிலுள்ள நீரிணையைக் கடந்த கப்பல்களின் சுங்கப் பதிவேடு இணையத்தில் இலவசம். அடிமைக் கப்பல்களின் 36,000-க்கும் மேற்பட்ட பயணங்கள் ஸ்லேவ் வாயேஜஸ் தரவுத்தளத்தில் இருக்கின்றன. நாடுகளின் நீண்டகால வருமானத்துக்கு மேடிசன் திட்டம், கடனுக்கும் வங்கி நெருக்கடிக்கும் 1870 முதல் 18 நாடுகளைத் தொகுத்திருக்கும் ஜோர்டா, ஷுலாரிக், டெய்லர் தரவுத்தளம்.

எந்தத் தலைப்பில் இடம் அதிகம் என்றால், எனக்கு முதலில் தோன்றுவது பெண்களின் வேலை. பழைய கணக்கெடுப்புகளில் மனைவியின் தொழில் என்ற இடத்தில் "மனைவி" என்றே எழுதிவிடுவார்கள். கோல்டின் வேறு ஆவணங்களைக் கொண்டு திருத்தியபோது, 1890-களில் வேலை செய்த திருமணமான பெண்களின் விகிதம் கணக்கெடுப்பு சொன்னதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக வந்தது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மரியா ஓக்ரன் குழு இன்னொரு வழி கண்டது. தொழில் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு, நீதிமன்றச் சாட்சியங்களில் வரும் வினைச்சொற்களைச் சேகரித்தார்கள். திருட்டு வழக்கில் சாட்சி சொல்லும் பெண், நான் அப்போது பால் கறந்துகொண்டிருந்தேன் என்று போகிற போக்கில் சொல்லியிருப்பாள். அவள் வேலைக்கு வேறு எந்தப் பதிவும் இருக்காது. சாட்சியங்கள் எங்கெல்லாம் மிஞ்சியிருக்கின்றனவோ அங்கெல்லாம் இந்த முறை செல்லும். இன்னும் மிகச் சில நாடுகளில்தான் செய்திருக்கிறார்கள்.

இயற்கை விட்டுச்சென்ற பதிவுகள் இன்னொரு வாசல். கிரீன்லாந்துப் பனிக்கட்டியில் படிந்த ஈயத்தைக் கொண்டு ரோமானியர்களின் வெள்ளி உருக்கும் தொழிலின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 261 இடங்களின் மகரந்தத்தை ஆராய்ந்த 2022-ஆம் ஆண்டு ஆய்வு, கறுப்புச் சாவு எல்லா இடத்தையும் ஒரே அளவில் தாக்கவில்லை, சில பகுதிகளில் பயிர்நிலம் குறையவே இல்லை என்று காட்டியது. ஆய்வுக்கூடம் தேவைப்படும் வேலை இது; தனியாக இறங்க முடியாது, கூட்டுக் குழுவில் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

ஆங்கிலம் அல்லாத மொழி ஒன்றில் பழைய கணக்குகளையும் பத்திரங்களையும் படிக்கத் தெரிந்தால், அதைவிடப் பெரிய மூலதனம் இல்லை. கி.மு. 19-ஆம் நூற்றாண்டு அசீரிய வணிகர்களின் களிமண் பலகைகள் சுமார் 12,000-ஐ வைத்து, ஊர்களுக்கிடையே நடந்த வணிகத்தின் அளவிலிருந்து தூரத்தைக் கணித்து, தொலைந்துபோன நகரங்கள் எங்கே இருந்திருக்கும் என்று ஒரு குழு 2019-இல் மதிப்பிட்டது. அதில் பொருளியலாளர்களோடு அந்த ஆப்பெழுத்தைப் படிக்கத் தெரிந்த கோய்கோ பர்யமோவிச்சும் இருந்தார். அவரில்லாமல் அந்தக் கட்டுரை இல்லை.

கணிதம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது, ஆனால் அளவுக்கு மீறியது. டேவ் டொனால்ட்சன் காலனி இந்திய ரயில்வே பற்றிச் செய்த ஆய்வைப் பாருங்கள். ரயில் வந்ததால் சரக்குப் போக்குவரத்துச் செலவு எவ்வளவு குறைந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒவ்வொரு வகை உப்பும் ஓரிடத்தில் மட்டுமே விளைந்தது, விற்றதோ பல மாவட்டங்களில். விளைந்த இடத்து விலைக்கும் விற்ற இடத்து விலைக்கும் உள்ள வித்தியாசம் போக்குவரத்துச் செலவைக் காட்டிக்கொடுத்தது. அதன்மேல் கடினமான கணிதம் எழும்பியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் உப்பைக் கண்டுபிடித்தது கணிதம் அல்ல. உங்களுக்கு இப்போது தேவை ரெக்ரஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிடும் முறை) வரை புள்ளியியல், ஆர் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருள்களில் ஒன்று, தரவைச் சுத்தம் செய்யும் அளவுக்குப் பைதான் நிரல்மொழி. ஓராண்டு ஒழுங்காக உட்கார்ந்தால் வந்துவிடும்.

எங்கே படிப்பது என்பதை, எந்த மாதிரி வேலை வேண்டும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். அமெரிக்காவில் இந்தத் துறையைப் பெரும்பாலும் பொருளியல் துறைக்குள் இருந்துதான் படிக்க முடியும். முதல் ஆண்டு எல்லோருக்கும் ஒரே கடினமான கணிதப் பாடம், அப்புறம்தான் வரலாறு. உதவித்தொகை பொதுவாகக் கிடைக்கும், வேலைச் சந்தையும் பெரிது, ஆனால் சேரவே உயர்கணிதம் கேட்பார்கள். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், சுவீடனின் லுண்ட், உப்சாலா ஆகிய இடங்களில் பொருளாதார வரலாற்றுக்கென்றே தனித் துறை உண்டு. உங்களைப் போல இரண்டும் கலந்த பின்னணி உள்ளவர்களுக்கு இவை பொருத்தம். சுவீடனில் முனைவர் பட்ட மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். நெதர்லாந்திலும் பெரும்பாலும் அப்படியே. காலியிடத்தை வேலை விளம்பரம் போலவே அறிவிப்பார்கள். பிரிட்டனில் சேர்க்கை கிடைத்தாலும் உதவித்தொகை தனியாகக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கடன் வாங்கிப் போக வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை. நிரந்தர வேலைகள் குறைவான துறை இது.

1926-இல் தொடங்கிய பிரிட்டனின் எகனாமிக் ஹிஸ்டரி சொசைட்டி புதிய ஆய்வாளர்களுக்குச் சிறு நல்கை, பயிற்சி முகாம், ஆண்டு மாநாட்டில் தனி அமர்வு எல்லாம் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் எகனாமிக் ஹிஸ்டரி அசோசியேஷன் ஆவணக் காப்பகப் பயணத்துக்கும் தரவு திரட்டவும் முனைவர் மாணவர்களுக்குப் பணம் தருகிறது. உலகப் பொருளாதார வரலாற்று மாநாடு மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும், கடைசியாக 2025-இல் லுண்டில் நடந்தது. விதிகள் அடிக்கடி மாறும், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அமைப்பின் அறிவிப்பையே பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு வெளியே என்றால் மைய வங்கிகள் முக்கியம். இங்கிலாந்து வங்கி பல நூற்றாண்டுப் பொருளாதாரத் தரவையே தொகுத்து வெளியிட்டிருக்கிறது. 2008 நெருக்கடிக்குப் பிறகு நீண்டகாலத் தரவு கையாளத் தெரிந்தவர்களுக்கு அங்கெல்லாம் மதிப்பு கூடியிருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் கைக்கு எட்டும் ஒரு பதிவேட்டை எடுத்து, சில நூறு வரிகளை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கருவியை அப்புறம் பயன்படுத்தலாம். யார் எழுதியது, யாருக்காக, எது விடுபட்டிருக்கும், எண் எந்த அலகில், நடுவில் எழுத்தர் மாறியிருக்கிறாரா என்று நான்கு பக்கக் குறிப்பு எழுதுங்கள். ஒரே ஒரு எளிய அட்டவணை போடுங்கள். பிறகு அந்தக் காலத்தையும் பொருளையும் பற்றி அண்மையில் கட்டுரை எழுதிய இரண்டு மூன்று பேராசிரியர்களுக்கு அந்தக் குறிப்பை இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். "எனக்கு ஆர்வம் உண்டு" என்று மட்டும் எழுதும் கடிதங்கள் அவர்களுக்கு நிறைய வரும். யாரும் பார்க்காத ஒரு பதிவேட்டின் நான்கு பக்க விளக்கம் வருவது அபூர்வம், அதற்குப் பதில் வரும் வாய்ப்பு மிக அதிகம்.