ஓடும்போது மட்டும் கால் சொல்பேச்சு கேட்கவில்லையா? கேள்வி பதில்

கோவை, 44 வயது: எட்டு வருஷமா ஓடறேன். நாலு மாசமா, மூணாவது கிலோமீட்டர் தாண்டினா இடது பாதம் உள்பக்கமா திரும்பிக்குது. வலி இல்லை. நடந்தா ஒண்ணும் தெரியலை. எம்ஆர்ஐ நார்மல். 'எல்லாம் மனசுதான்'னு சொல்லிட்டார் டாக்டர்.

மனசு என்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம். காலியான மைதானத்தில் பத்து மீட்டர் பின்னோக்கி ஓடிப் பாருங்கள். முன்னால் ஓடும்போது முறுக்கும் கால் அப்போது ஒழுங்காக வந்தால், என் முதல் சந்தேகம் டிஸ்டோனியா. பேனா பிடித்தால் மட்டும் சிலருக்கு விரல் இறுகும், வயலின் எடுத்தால் மட்டும் சிலருக்கு விரல் மடங்கும். அதே குடும்பம்தான் இதுவும். தசையில் பலம் இருக்கும், நரம்பும் அறுந்திருக்காது. ஓட்டம் என்ற அந்த ஒரு வேலைக்கு மூளை அனுப்பும் கட்டளைதான் குழம்புகிறது. சுருங்க வேண்டிய தசையோடு, விட்டுக்கொடுக்க வேண்டிய தசையும் சேர்ந்து இழுக்கிறது. படத்தில் இதெல்லாம் விழாது.

அசைவுக் கோளாறுகளைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். ஓடும்போது பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தால் உங்கள் கால் சமர்த்தாகத்தான் இருக்கும். தவறாக இழுக்கும் தசையில், அதைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி போடுவார்கள். சிலருக்கு, பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. பலன் ஆளுக்கு ஆள் மாறும். நடுவயதில் காலில் இது புதிதாக வந்தால், சிலருக்குப் பார்க்கின்சனின் தொடக்கமாகவும் இருக்கலாம். அதனால் நடக்கும்போது கை வீசுகிறதா என்றும் மருத்துவர் கவனிப்பார்.

மதுரை: ஓட ஆரம்பிச்ச இருபது நிமிஷத்துல முட்டிக்குக் கீழே காலோட முன்பக்கம் கல்லு மாதிரி இறுகி வலிக்குது. பாதம் தரையில சப்பு சப்புனு அடிக்குது. கால் மணி நேரம் நின்னா சரியாயிடுது.

தசையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறுவது போலிருக்கிறது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஊசி வைத்து அழுத்தத்தை அளப்பார்கள். விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர்: சார், சும்மா பயமுறுத்தாதீங்க. எல்லாம் இடுப்புத் தசை வீக்னஸ்தான். நான் நிறைய பேரைச் சரி பண்ணியிருக்கேன்.

வலியோடு வந்தவர்களைச் சரி செய்திருப்பீர்கள். கோவைக்காரருக்கு வலியே இல்லையே. பலவீனம் என்றால், அது திசை பார்த்தா வரும்?

அதே பயிற்சியாளர்: பின்னால ஓடறப்போ மெதுவா ஓடறோம். சுமை குறைவு. அதான் சரியா இருக்கு.

நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் முன்னோக்கியும் அதே மெதுவான வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் முறுக்கினால் சுமை காரணமில்லை. முறுக்காவிட்டால் உங்கள் பக்கம் ஒரு புள்ளி. எதுவானாலும் மூன்று மாதம் இடுப்புப் பயிற்சி கொடுத்துவிட்டு அப்புறம் அனுப்பாதீர்கள். இந்த ஆட்கள் என்னிடம் வரும்போது கையில் நாலு ஜோடி ஷூ, இரண்டு இன்சோல் இருக்கும். நோய்க்கு மட்டும் பெயர் இருக்காது.

திருச்சி: நேத்துல இருந்து வலது பாதத்தைத் தூக்கவே முடியலை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

முட்டியின் வெளிப்புறம் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாம். முதுகிலிருந்தும் வரலாம். இன்றே காட்டுங்கள். தொடையிடுக்கு மரத்தாலோ சிறுநீர் கழிப்பதில் சிக்கல் என்றாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

சேலம்: எந்த ஷூ வாங்கலாம்?

கடையில் கேளுங்கள்.

தஞ்சை: சுத்த சைவம். விடியற்காலை இருட்டுல ஓடினா மட்டும் தடுமாறுது, பாதம் மதமதன்னு இருக்கு.

முகம் கழுவக் கண்ணை மூடினாலும் தள்ளாடுகிறதா? சைவம் என்பதால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். அது குறைந்திருந்து நாள் கடத்தினால் தண்டுவடம் கெடும்.

ஈரோடு: பாதம் உள்ளே திரும்புது, எம்ஆர்ஐ நார்மல், என்ன செய்ய?

முதல் பதிலைப் படியுங்கள். எம்ஆர்ஐ நார்மல் என்றால் கால் நார்மல் என்று அர்த்தமில்லை. இன்னும் எத்தனை தடவை சொல்வது?

கோவை, மறுபடியும்: சார், பின்னால ஓடிப் பார்த்தேன். பாதம் திரும்பவே இல்லை!

வீடியோ எடுத்தீர்களா?