மிஞ்சிய மாட்டிறைச்சி ரோஸ்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய ரோஸ்ட்டைப் பற்றியவை. ஆகவே மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம் செய்த ரோஸ்ட்டைப் புதன்கிழமை வரை வைத்துக்கொள்ளலாமா? (நாகலூர் வாசகி)

அடுப்பிலிருந்து இறக்கிய 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போயிருந்தால் வைத்துக்கொள்ளலாம். 3 நாள் நல்லது. 4 நாளுக்குமேல் வேண்டாம். முழுக் கட்டியாக வைத்தால் நடுப்பகுதி ஆறவே வெகுநேரமாகும்; கிருமிகள் பெருகுவது அந்த நேரத்தில்தான். எனவே துண்டு போட்டு, அகலமான தட்டையான பாத்திரத்தில் பரப்பி, மூடி வையுங்கள். ஏற்காட்டுக் குளிரே போதுமென்று சமையலறை மேடையில் இரவெல்லாம் விட்டுவைப்பவர்களுக்கு முன்பே எழுதியிருக்கிறேன்: மலைக்குளிர் வேறு, குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரிக் குளிர் வேறு.

மிஞ்சிய ரோஸ்ட்டில் மிளகு வறுவல் செய்தேன். மலையில் எதுவும் சீக்கிரம் வேகாது என்பதால் மசாலாவோடு சேர்த்துக் குக்கரில் 6 விசில் விட்டேன். கறி கயிறுபோல ஆகிவிட்டது. கடைக்காரர் முற்றிய மாட்டைக் கொடுத்துவிட்டாரா? (ஏற்காடு ஒண்டிக்கடை வாசகர்)

கடைக்காரரையும் மாட்டையும் விட்டுவிடுங்கள், குற்றம் குக்கருடையது. ஒவ்வொரு ஆண்டும் இதே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் வருகிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பச்சைக் கறி வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கையில் இருப்பது பச்சைக் கறி அல்ல. முதல் முறை வேகும்போதே தசை சுருங்கித் தன் நீரை வெளியே தள்ளிவிடுகிறது. ஒரு கிலோ கறி ரோஸ்ட்டாகி வரும்போது முக்கால் கிலோதான் தேறும். மிச்சமிருக்கும் ஈரத்தையும் 6 விசிலில் பிழிந்து எடுத்துவிட்டால் நாரைத் தவிர வேறு என்ன மிஞ்சும்? எருமைக் கறியாக இருந்தால் கொழுப்பு இன்னும் குறைவு. இன்னும் சீக்கிரம் வறண்டுபோகும்.

வெந்த இறைச்சியை மறுபடி சமைக்கக் கூடாது, சூடுபடுத்தத்தான் வேண்டும். முதலில் நார் ஓடும் திசைக்குக் குறுக்காக மெல்லிய துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனியாக வதக்கி, பச்சை வாடை முழுவதும் போனபின், அரைக் கோப்பை சூடான நீரோ ரோஸ்ட்டின் சாறோ ஊற்றிக் கொதிக்கவிட்டு, கறியைக் கடைசியாகச் சேருங்கள். மெல்லிய துண்டுகள் உள்வரை ஆவி பறக்கச் சூடாவதற்கு 3 அல்லது 4 நிமிடம் போதும். தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் படரும் கொடியின் மிளகை உங்கள் ஊரிலேயே வாங்க முடிகிறபோது, அதைப் பொடியாக வாங்கி முதலிலேயே கொட்டிக் கருக்குவானேன்? ஒன்றிரண்டாக இடித்து, இறக்கும்போது தூவுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: கால்தண்டு, நெஞ்சுப் பகுதி போன்ற சவ்வு மிகுந்த துண்டுகள் ரோஸ்ட்டிலும் மிருதுவாகாமல் நின்றிருந்தால், நீர் விட்டு மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் வேகவைக்கலாம், ஏனெனில் அந்தச் சவ்வு கரைந்தால்தான் கறி இளகும். தொடைக்கறிக்கு இது பொருந்தாது.

கட்லெட் எண்ணெயில் போட்டதும் உதிர்கிறது. (அஸ்தம்பட்டி வாசகி)

உருளைக்கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி வேகவைத்திருப்பீர்கள். அது நீர் கோத்திருக்கும். தோலோடு முழுதாக வேகவைத்து, ஆறியபின் மசியுங்கள். உதிர்த்த கறி இரண்டு பங்குக்குக் கிழங்கு ஒரு பங்கு போதும். தட்டி வைத்ததை அரை மணி நேரம் குளிரவிட்டு, அதன்பின் முட்டையிலும் ரஸ்க் தூளிலும் புரட்டுங்கள்.

வீட்டில் கொஞ்சம் ரோஸ்ட் மிஞ்சியிருக்கிறது. என்ன செய்யலாம்? (பெயரும் ஊரும் இல்லை)

எவ்வளவு, எந்தப் பகுதி, எத்தனை நாளானது, மசாலா சேர்த்ததா சேர்க்காததா என்று ஒன்றையுமே எழுதாமல் கேட்டால் நான் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரு கைப்பிடி என்றால் கொத்து பரோட்டாவில் போடுங்கள். அரைக் கிலோ என்றால் ஜால்ஃப்ரேசி செய்யுங்கள். ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் அது மிஞ்சிய குளிர்ந்த இறைச்சியை வெங்காயத்தோடும் மிளகாயோடும் சட்டென்று வதக்கி எடுக்கும் உலர்ந்த பதார்த்தம். உணவகங்களில் அந்தப் பெயரில் வரும் சிவந்த குழம்பை நினைத்துக்கொண்டு தக்காளியைக் கொட்டாதீர்கள். நான்கு நாளைக் கடந்திருந்தால் எதுவும் செய்ய வேண்டாம்.

இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. காலையில் நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் சரியாகிவிடும் அல்லவா? (சூரமங்கலம் வாசகர்)

ஆகாது. திறக்காமல் வைத்த குளிர்சாதனப் பெட்டி ஏறக்குறைய 4 மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்குமேல் போன இறைச்சியைக் கொட்டிவிடுங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகலாம், ஆனால் சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதிநீரிலும் அழிவதில்லை. சேலத்து ஏப்ரல் மாதத்தில் வெளியே வைத்த கறிக்கு நான் 2 மணி நேரம்கூடத் தரமாட்டேன். ஒரு மணி நேரம்தான்.

மறுநாள் ரோஸ்ட்டில் ஒரு பழைய வாடை வருகிறதே? (ஃபேர்லேண்ட்ஸ் வாசகி)

காற்றுப்பட்டுக் கொழுப்பு கெடுவதால் வரும் வாடை அது. தட்டில் தேங்கிய சாற்றைக் கழுவி ஊற்றிவிடாமல் கறிமீது ஊற்றி, இறுக மூடி வைத்தால் பெரும்பாலும் வராது. ஃப்ரீசரில் வைப்பதானாலும் சாற்றோடு சேர்த்து, ஒரு வேளைக்கான அளவாகப் பிரித்து வையுங்கள். 2 அல்லது 3 மாதம் சுவை கெடாமல் இருக்கும். ஒருமுறை சூடுபடுத்தியதை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

தட்டுவடை செட்டில் வைக்கலாமா? (செவ்வாய்ப்பேட்டை மாணவர்)

தாராளமாக வைக்கலாம். கறியை நார்நாராகக் கிள்ளி, சூடுகாட்டி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, துருவிய காரட், பீட்ரூட்டோடு இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவில் வையுங்கள். சட்னியைக் குறைத்துக்கொள்ளுங்கள், தட்டுவடை நமத்துப்போகும்.